புற்றுநோய்ப் படத்தை நம்பும் பையன் அடிமைத்தனத்தை ஏன் நம்புவதில்லை?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் நண்பர்களோடு சேர்ந்து சிகரெட் பிடிப்பது தெரியவந்தது. எச்சரிக்கைப் படத்தைக் காட்டினால், "அதெல்லாம் முப்பது வருஷமா தம் அடிக்கிறவங்களுக்கு, நான் வாரத்துக்கு ரெண்டுதான், நினைச்சா நிறுத்திடுவேன்" என்கிறான். பிள்ளைகள் இவற்றை நம்புவதே இல்லையா, டாக்டர்?

பதில்: நம்புகிறார்கள், தமக்கு நேரும் என்றுதான் நம்புவதில்லை. உங்கள் மகன் சொன்ன முதல் பாதியில் ஓரளவு நியாயமும் உண்டு. 2016 முதல் நம் நாட்டில் சிகரெட் பெட்டியின் இரு பக்கங்களிலும் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கை அச்சிடப்படுகிறது என்றாலும், அது பேசுவது புற்றுநோயையும் மரணத்தையும்தான். நடுவயதைக் கடந்த நோயாளியின் முகத்தில் பதினாறு வயதுப் பையன் தன்னைக் காண்பதில்லை. தவிர, பெட்டிக்கடையில் ஒன்று, இரண்டு எனச் சில்லறையாக வாங்கி, அங்கே தொங்கும் லைட்டரில் பற்றவைத்து, வாய் நாற்றத்துக்கு ஒரு மிட்டாயும் வாங்கிக்கொண்டு நகர்பவன் கைக்குப் பெட்டியே வருவதில்லை.

எனக்குக் கவலை தருவது "நினைச்சா நிறுத்திடுவேன்" என்ற இரண்டாவது பாதி. புண்ணைப் படம் பிடிக்கலாம், அடிமைத்தனத்தைப் பிடிக்க முடியாது. அதனால் தினம் ஒரு பாக்கெட் ஊதுபவரே அடிமை என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்கிறார்கள். இழுத்த 10 முதல் 20 வினாடிகளுக்குள், புகையிலையில் அடிமையாக்கும் பொருளான நிகோடின் மூளையை எட்டிவிடுகிறது. ஏறத்தாழ 25 வயதுவரை வளர்ந்துகொண்டிருக்கும் மூளை அதற்கு எளிதில் பழகிவிடும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 12, 13 வயது மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2000-இல் வெளியான ஆய்வில், தினசரிப் பழக்கம் வருமுன்பே, சிலருக்கு ஆரம்பித்த சில வாரங்களிலேயே, அடிமைத்தனத்தின் அறிகுறிகள் காணப்பட்டன. எல்லோருக்கும் அப்படி நேர்வதில்லை என்பதையும் மகனிடம் மறைக்காதீர்கள். மிகைப்படுத்தியதைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டால் பிறகு உண்மையும் எடுபடாது.

ஆகவே படத்தைக் காட்டுவதை விட்டுவிட்டு, அவன் சொன்னதையே அவன் சோதித்துப் பார்க்கட்டும் என்று விடுங்கள். ஒரு மாதம் தொடாமல் இருக்கச் சொல்லுங்கள். சட்டைப் பையை மோந்து பார்க்கும் வேலை வேண்டாம். நண்பர்கள் அருகில் இல்லாத நாளிலும் நினைப்பு வருகிறதா, வகுப்பில் மனம் நிற்க மறுக்கிறதா, காரணமில்லாமல் தங்கையிடம் எரிந்து விழுகிறானா, முன்பு விட நினைத்து முடியாமல் போனதுண்டா என்று அவனே குறித்துக்கொள்ளட்டும். ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் பிடி விழத் தொடங்கியதாகவே கொள்ள வேண்டும். எரிச்சல் முதல் இரண்டு, மூன்று நாள்களில் கூடுதலாக இருந்து, பெரும்பாலும் மூன்று, நான்கு வாரங்களில் அடங்கும்.

அடங்காவிட்டால் அவனையும் அழைத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800 11 2356 என்ற, புகைப்பழக்கத்தை நிறுத்த உதவும் கட்டணமில்லா எண்ணையும் அவனே அழைக்கலாம். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கிறது என்பதற்காக புகைப்பதை நிறுத்த உதவும் நிகோடின் சூயிங்கம்மை நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு அதை மருத்துவர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.