கிட் எதைக் கணக்கில் வைத்திருக்கிறது? – கேள்வி பதில்

கிட் என்பது ஒரு ஃபோல்டரில் இருக்கும் கோப்புகள் எப்படி மாறி வந்தன என்ற வரலாற்றைப் பதிந்துவைக்கும் மென்பொருள். அப்படிப் பதிவது கமிட், வரலாற்றோடு கூடிய அந்த ஃபோல்டர் ரெப்போ, அதை இன்னொரு கணினிக்கு நகலெடுப்பது குளோன். இதைப் பற்றிச் சனிக்கிழமை மாலைக்குள் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். கிளை பிரிப்பது, மெர்ஜ் சிக்கல் என்று வரும் என நினைத்தேன். வந்ததில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றின: ஃபோல்டரில் கிடக்கும் கோப்புகளில் எவை கிட்டின் கணக்கில் இருக்கின்றன, எவை இல்லை, அதை எப்படிப் பட்டியல் எடுப்பது? சரி, இன்று அதையே பேசுவோம். கட்டளைகளை ஒலிக்கும்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது, கேட்டவர் சிங்கப்பூரில் வசிக்கும் வட்டாரம்.

தெம்பனிஸ், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்: அக்கா, குழுத் திட்டப்பணிக்குப் பேருந்து நிறுத்தங்களின் பட்டியலை ஒரு சிஎஸ்வி கோப்பில் வைத்திருந்தேன். 'கிட் ஸ்டேட்டஸ்' போட்டால் கமிட் செய்ய ஒன்றுமில்லை, எல்லாம் சுத்தம் என்கிறது. நண்பன் குளோன் செய்து பார்த்தால் அந்தக் கோப்பு மட்டும் இல்லை. என்னிடம் இருப்பது அவனுக்கு ஏன் போகவில்லை?

தம்பி, கிட்டைப் பொறுத்தவரை உங்கள் ஃபோல்டரில் மூன்று வகைக் கோப்புகள் உண்டு. கணக்கில் ஏறியவை டிராக்டு. ஏறாதவை அன்டிராக்டு. அந்த ஏறாதவற்றிலேயே 'இதைக் கண்டுகொள்ளாதே' என்று .கிட்இக்னோர் கோப்பில் எழுதிவைத்தவை தனி வகை. ஸ்டேட்டஸ் இவை எல்லாவற்றையும் காட்டாது. மாறிய டிராக்டு கோப்புகளையும் புதிதாக வந்து நிற்கும் அன்டிராக்டு கோப்புகளையும் மட்டும் சொல்லும். மாறாமல் பத்திரமாக உள்ளே இருக்கும் கோப்பைப் பற்றியும் வாய் திறக்காது, இக்னோர் ஆகி வெளியே நிற்கும் கோப்பைப் பற்றியும் வாய் திறக்காது. இரண்டுக்கும் ஒரே மௌனம். அந்த மௌனத்தை 'எல்லாம் ஏறிவிட்டது' என்று எடுத்துக்கொள்வதில்தான் தவறு நடக்கிறது. முதல் திட்டப்பணியில் ஏறக்குறைய எல்லாரும் இதில் மாட்டுகிறார்கள்.

ஆகவே ஸ்டேட்டஸைக் கேட்காதீர்கள், கணக்குப் புத்தகத்தையே கேளுங்கள். 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் டேட்டா/ஸ்டாப்ஸ்.சிஎஸ்வி' என்று போடுங்கள். கோப்பின் பெயர் திரும்பி வந்தால் அது கணக்கில் இருக்கிறது. ஒன்றுமே வராவிட்டால் இல்லை. வரவில்லை என்றால், யார் தடுத்தது என்று அடுத்த கேள்வி: 'கிட் செக்-இக்னோர் -வி டேட்டா/ஸ்டாப்ஸ்.சிஎஸ்வி'. அதற்கு இப்படி ஒரு வரி வரும்:

.கிட்இக்னோர்:12:*.சிஎஸ்வி    டேட்டா/ஸ்டாப்ஸ்.சிஎஸ்வி

எந்தக் கோப்பு, அதில் எத்தனையாவது வரி, என்ன விதி என்று விரலை வைத்துக் காட்டிவிடும். இந்த உதாரணத்தில் 12ஆம் வரி எல்லா சிஎஸ்வி கோப்புகளையும் தள்ளிவிட்டிருக்கிறது. ஆயத்தமாகக் கிடைக்கும் .கிட்இக்னோர் ஒன்றை அப்படியே எடுத்துப் போட்டால் இப்படி வரிகள் தெரியாமல் வந்து உட்கார்ந்துவிடும். அந்த விதிக்குக் கீழே '!டேட்டா/ஸ்டாப்ஸ்.சிஎஸ்வி' என்று விலக்கு எழுதிவிட்டு, கோப்பைச் சேர்த்து கமிட் செய்யுங்கள்.

பொங்கோல், புதிதாக வேலையில் சேர்ந்தவர்: அக்கா, ஒவ்வொரு பட்டியலுக்கும் எந்தக் கட்டளை என்று நேராகச் சொல்லிவிட முடியுமா?

முடியும். டிராக்டு கோப்புகள் வேண்டுமென்றால் 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்', அவ்வளவுதான். அன்டிராக்டு மட்டும் வேண்டுமென்றால் அதோடு '--அதர்ஸ் --எக்ஸ்க்ளூட்-ஸ்டாண்டர்ட்'. இந்த இரண்டாவது சொல்லை விட்டுவிட்டால் இக்னோர் விதிகளைப் பார்க்காமல் கணக்கில் இல்லாத அத்தனையும் கொட்டும். ஏராளமான கோப்புகள் குவிந்து கிடக்கும் நோட்_மாட்யூல்ஸ் ஃபோல்டர் இருக்கும் திட்டத்தில் போட்டுப் பார்த்தால் திரை ஓடிக்கொண்டே இருக்கும். இக்னோர் ஆனவை மட்டும் வேண்டுமென்றால் '--அதர்ஸ் --இக்னோர்ட் --எக்ஸ்க்ளூட்-ஸ்டாண்டர்ட்'. மாறியவை, அன்டிராக்டு, இக்னோர் ஆனவை மூன்றையும் ஒரே பார்வையில் பார்க்க 'கிட் ஸ்டேட்டஸ் --ஷார்ட் --இக்னோர்ட்' போதும். அன்டிராக்டு கோப்புக்கு முன்னால் இரண்டு கேள்விக்குறியும், இக்னோர் ஆனதற்கு முன்னால் இரண்டு ஆச்சரியக்குறியும் வரும்.

ஒரு நுணுக்கம். எல்எஸ்-ஃபைல்ஸ் காட்டுவது கமிட்டை அல்ல, இண்டெக்ஸை, அதாவது அடுத்த கமிட்டுக்காக எடுத்துவைத்திருக்கும் பட்டியலை. 'கிட் ஆட்' செய்துவிட்டு இன்னும் கமிட் செய்யாத கோப்பும் அதில் வந்துவிடும். கடைசி கமிட்டில் உண்மையில் என்ன போனது என்று தெரிய வேண்டுமென்றால் 'கிட் எல்எஸ்-ட்ரீ -ஆர் --நேம்-ஒன்லி ஹெட்'.

ஜூரோங், மென்பொருள் சோதனையாளர்: நானும் சக ஊழியரும் ஒரே ரெப்போவில் எல்எஸ்-ஃபைல்ஸ் போட்டோம். அவருக்கு நானூறு கோப்பு, எனக்கு முப்பதுதான்.

நீங்கள் உள் ஃபோல்டர் ஒன்றில் நின்றுகொண்டு போட்டிருப்பீர்கள். எல்எஸ்-ஃபைல்ஸ் நிற்கும் இடத்துக்குக் கீழே இருப்பதை மட்டும்தான் சொல்லும். ஸ்டேட்டஸ் அப்படி இல்லை, எங்கே நின்றாலும் முழு ரெப்போவையும் பார்க்கும். ரெப்போவின் மேல் ஃபோல்டருக்குப் போய்ப் போடுங்கள், எண்ணிக்கை ஒத்துவரும்.

இதே சாயலில் இன்னொருவர், ஸ்டேட்டஸில் 'படங்கள்/' என்று ஃபோல்டர் பெயர் மட்டும் வருகிறது, உள்ளே இருப்பது வரவில்லை என்று கேட்டிருந்தார். ஒரு ஃபோல்டர் முழுவதும் புதிது என்றால் ஸ்டேட்டஸ் அதைச் சுருக்கி ஒரே வரியாகத்தான் காட்டும். 'கிட் ஸ்டேட்டஸ் -யுஆல்' போட்டால் கோப்பு கோப்பாக விரியும். அதன் பிறகும் ஃபோல்டர் பெயர் மட்டுமே வந்தால், அதற்குள் இன்னொரு .கிட் ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். உள்ளே தனி ரெப்போ இருந்தால் கிட் அதற்குள் நுழையாது.

உட்லண்ட்ஸ், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: வணக்கம்மா. பழைய மாணவர்கள் எழுதிய கதைகளைத் தட்டச்சு செய்து சேமித்து வருகிறேன். பேரன் கிட் கற்றுக்கொடுத்தான். கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்தேன். பட்டியல் கேட்டால் சாய்கோடும் எண்ணுமாக வருகிறது. கோப்புகள் கெட்டுவிட்டனவா?

வணக்கம் ஐயா. ஒன்றும் கெடவில்லை. உங்கள் கதைகளும் பெயர்களும் அப்படியே இருக்கின்றன. கிட் அவற்றைத் திரையில் காட்டும் விதம் மட்டும்தான் அப்படி.

கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் (சேமிப்பு அலகு) ஆகும். கிட் தன் இயல்பு அமைப்பில் ஆங்கில எழுத்து வரம்புக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு பைட்டையும் ஒரு சாய்கோடும் மூன்று எண்ணுமாக மாற்றிக் காட்டும். 'அ' என்ற ஓரெழுத்து திரையில் \340\256\205 என்று நிற்கும். 'அம்மா' என்று பெயர் வைத்தீர்களானால் அதில் அ, ம, புள்ளி, ம, கால் என 5 குறிகள், ஆக 15 பைட். திரையில் 60 எழுத்து நீளத்துக்கு எண்கள். பார்த்தால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும்.

இதை மாற்ற ஒரே வரி போதும்: 'கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.கோட்பாத் ஃபால்ஸ்'. ஒருமுறை போட்டுவிட்டால் அந்தக் கணினியில் எல்லா ரெப்போவிலும் பெயர்கள் தமிழிலேயே வரும். ஸ்டேட்டஸ், எல்எஸ்-ஃபைல்ஸ் இரண்டுமே சரியாகிவிடும். பட்டியலை எடுத்து இன்னொரு நிரலுக்குக் கொடுப்பதாக இருந்தால் மட்டும் '-இசட்' சேர்க்கச் சொல்லுங்கள் பேரனிடம். அப்போது பெயர்கள் எந்த மாற்றமும் இல்லாமல் வரும், நடுவில் இடைவெளி இருக்கும் பெயர்களும் உடையாது.

1997இல் இதே சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ்நெட் '97 மாநாட்டில், ஆளுக்கொரு எழுத்துக்குறியீடு என்று இருந்த தமிழை எப்படி ஒரு தரத்துக்குக் கொண்டுவருவது என்று பேசினார்கள். அந்த உழைப்பெல்லாம் சேர்ந்துதான் இன்று நீங்கள் கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்கிறீர்கள். யாராவது ஆங்கிலத்துக்கு மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள் ஐயா.

அங் மோ கியோ, அலுவலக நிர்வாகி: ஊழியர்களின் அடையாள அட்டை எண்கள் இருக்கும் எக்செல் கோப்பு தவறுதலாக ரெப்போவில் போய்விட்டது. .கிட்இக்னோரில் சேர்த்துவிட்டேன். ஆனாலும் டிராக்டு பட்டியலில் வந்துகொண்டே இருக்கிறது.

இதில் வேகம் வேண்டும், அதனால் முதல் வேலையை முதலில் சொல்கிறேன். உங்கள் நிறுவனத்தின் தரவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் இப்போதே சொல்லுங்கள். சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி நிறுவனங்கள் அப்படி ஒருவரை நியமித்திருக்க வேண்டும். அடையாள அட்டை எண்களைக் கையாள்வது பற்றிய கடுமையான வழிகாட்டுதலும் 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. நீங்களே இரவோடிரவாகச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

இனி தொழில்நுட்பம். இக்னோர் விதி அன்டிராக்டு கோப்புகளுக்கு மட்டும்தான் செல்லும். ஒருமுறை கணக்கில் ஏறிய கோப்பை அது தொடாது. 'கிட் ஆர்எம் --கேஷ்ட்' போட்டால் உங்கள் கணினியில் கோப்பு இருக்கும், கணக்கிலிருந்து மட்டும் இறங்கும். ஆனால் அதை கமிட் செய்து அனுப்பியதும், மற்றவர்கள் புல் செய்யும்போது (புதிய மாற்றங்களை இறக்கிக்கொள்ளும்போது) அவர்கள் கணினியில் அந்தக் கோப்பே அழிந்துவிடும். கிட் அதை ஒரு நீக்கமாகத்தான் பார்க்கும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், பழைய கமிட்டுகளில் அந்தக் கோப்பு இன்னும் இருக்கிறது. குளோன் எடுக்கும் எவரும் அதைத் திறக்கலாம். வரலாற்றிலிருந்தே அகற்ற 'கிட் ஃபில்டர்-ரெப்போ' என்ற தனிக் கருவி உண்டு. அதை ஓட்டினால் அந்தக் கோப்பு நுழைந்த கமிட்டிலிருந்து பின்னால் வரும் கமிட் எண்கள் எல்லாம் மாறும், எல்லாரும் புதிதாகக் குளோன் எடுக்க வேண்டிவரும். அதனால் குழுவாகப் பேசி முடிவெடுத்துச் செய்யுங்கள்.

இதேபோல வேறு ஏதாவது நுழைந்திருக்கிறதா என்று பார்க்க 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் -ஐ -சி --எக்ஸ்க்ளூட்-ஸ்டாண்டர்ட்' போடுங்கள். இக்னோர் விதிக்குப் பொருந்தியும் கணக்கில் ஏறி உட்கார்ந்திருக்கும் கோப்புகளை மட்டும் இது பிடித்துக் காட்டும். வேலைக்குச் சேரும் எந்த ரெப்போவிலும் நான் முதலில் போட்டுப் பார்ப்பது இதைத்தான்.

பிடோக், இணையத்தள வடிவமைப்பாளர்: அன்டிராக்டு குப்பை நிறையச் சேர்ந்துவிட்டது. 'கிட் கிளீன் -எஃப்டிஎக்ஸ்' போட்டால் போதும் என்கிறார் நண்பர். போடலாமா?

தயவுசெய்து அப்படியே போட வேண்டாம். அந்தக் கடைசி 'எக்ஸ்' இக்னோர் ஆன கோப்புகளையும் சேர்த்து அழித்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு இதையேதான் நான் செய்தேன். ஒரு சமூகத் திட்டத்துக்காகப் பெரியவர்களிடம் பேட்டி எடுத்துத் தட்டச்சு செய்த பதினொரு கோப்புகள். திருத்தம் முடியாமல் யாருக்கும் போகக்கூடாது என்று அந்த ஃபோல்டரை நானே இக்னோரில் போட்டிருந்தேன். பில்டு சரியாக வரவில்லை என்று எக்ஸோடு கிளீன் ஓட்டினேன். ஒரு நொடியில் முடிந்தது. ஒலிப்பதிவுகள் கைப்பேசியில் இருந்ததால் ஒன்பதைத் திரும்பத் தட்டச்சு செய்ய முடிந்தது. மீதி இரண்டுக்கு ஒலிப்பதிவே இல்லை, குறிப்பெடுத்து எழுதியவை. அதில் ஒருவர் தேக்காவில் பூக்கடை வைத்திருந்த பாட்டி. அதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

அன்டிராக்டு கோப்பின் நிலைமை இதுதான். கிட்டிடம் அதன் நகல் கிடையாது, போனால் கேட்க இடமில்லை. ஒருமுறை 'கிட் ஆட்' மட்டும் செய்திருந்தால்கூட உள்ளடக்கம் .கிட் ஃபோல்டருக்குள் பதிந்திருக்கும். பிறகு கோப்பு போனாலும் 'கிட் எஃப்எஸ்சிகே --லாஸ்ட்-ஃபவுண்ட்' போட்டு, பெயர் இல்லாமலாவது உள்ளடக்கத்தை மீட்டுவிடலாம். அதுவும் சீக்கிரம் தேட வேண்டும். யாரும் சுட்டாத இந்தத் துண்டுகளை, 2 வாரம் கடந்தபின் வரும் துப்புரவில் கிட் நீக்கிவிடும்.

உங்களுக்கு வழி: முதலில் 'கிட் கிளீன் -என்டி'. இது எதையும் தொடாது, எதை அழிக்கப்போகிறேன் என்று பட்டியல் மட்டும் சொல்லும். ஒவ்வொரு வரியாக வாசியுங்கள். தெரியாத பெயர் ஒன்று இருந்தாலும் நிறுத்தித் திறந்து பாருங்கள். திருப்தியான பிறகு 'கிட் கிளீன் -எஃப்டி', எக்ஸ் இல்லாமல்.

சுவா சூ காங்கிலிருந்து இரண்டு சின்னக் கேள்விகள்: காலி ஃபோல்டர் ஏன் எந்தப் பட்டியலிலும் வரவில்லை? ஸ்டாஷ் செய்த பிறகும் புதிய கோப்புகள் ஏன் அங்கேயே நிற்கின்றன?

கிட் கோப்புகளைத்தான் கணக்கில் வைக்கும், ஃபோல்டரை அல்ல. காலி ஃபோல்டர் வேண்டுமென்றால் உள்ளே ஒரு வெற்றுக் கோப்பு வையுங்கள். .கிட்கீப் என்று பெயர் வைப்பது வழக்கம். ஸ்டாஷ் என்பது முடியாத வேலையைத் தற்காலிகமாக ஒதுக்கிவைப்பது. அது தானாக டிராக்டு கோப்புகளை மட்டும் எடுத்துவைக்கும், அன்டிராக்டையும் எடுக்க '-யு' சேருங்கள்.

செங்காங், பொறியாளர்: எங்கள் அலுவலகத்தில் இன்னும் சப்வெர்ஷன்தான். அங்கே எப்படி?

சப்வெர்ஷன் கிட்டுக்கு முன்பே வந்த அதே வகைக் கருவி. 'எஸ்விஎன் ஸ்டேட்டஸ்' போட்டால் கணக்கில் இல்லாதவற்றுக்கு முன்னால் ஒற்றைக் கேள்விக்குறி வரும். இக்னோர் ஆனவையும் வேண்டுமென்றால் '--நோ-இக்னோர்'. கணக்கில் உள்ளவற்றுக்கு 'எஸ்விஎன் லிஸ்ட் -ஆர்', இதில் ஆர் பெரிய எழுத்து. இதே வகையைச் சேர்ந்த மெர்க்குரியலில் கணக்கில் உள்ளவற்றுக்கு 'ஹெச்ஜி ஃபைல்ஸ்', இல்லாதவற்றுக்கு 'ஹெச்ஜி ஸ்டேட்டஸ் -யு'.

மறுபடியும் தெம்பனிஸ் மாணவர்: அக்கா, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். எனக்கு 12ஆம் வரி இல்லை, 4ஆம் வரியில் 'டேட்டா/' என்று காட்டியது. கீழே விலக்கு வரி எழுதினேன். இன்னும் ஏறவில்லை.

நல்லவேளை திரும்பக் கேட்டீர்கள். 'டேட்டா/' என்றால் அந்த ஃபோல்டரையே பூட்டிவிட்டீர்கள் என்று பொருள். கிட் பூட்டிய ஃபோல்டருக்குள் எட்டியே பார்க்காது, அதனால் உள்ளே இருக்கும் ஒரு கோப்புக்கு எழுதிய விலக்கு அதன் கண்ணில் படுவதே இல்லை. 4ஆம் வரியை 'டேட்டா/*' என்று மாற்றுங்கள். இப்போது ஃபோல்டர் திறந்திருக்கும், உள்ளே இருப்பவை மட்டும் தள்ளப்படும். விலக்கு வரி அதற்குக் கீழேயே இருக்கட்டும், பின்னால் வரும் விதிதான் செல்லும். பிறகு கோப்பை 'கிட் ஆட்' செய்துவிட்டு 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் டேட்டா' போடுங்கள். டேட்டா/ஸ்டாப்ஸ்.சிஎஸ்வி என்று ஒரே ஒரு வரி வர வேண்டும். வந்தால் கமிட் செய்து புஷ் செய்துவிட்டு நண்பனைப் புல் செய்யச் சொல்லுங்கள்.