‘குரோனோ ட்ரிகர்’ ஏன் மெழுகு பூசினாற்போல் தெரிகிறது?

கேள்வி: சின்ன வயதில் சிங்கப்பூரில் மாமா வீட்டில் ‘குரோனோ ட்ரிகர்’ என்ற ஜப்பானிய வீடியோ கேம் விளையாடியிருக்கிறேன். அனிமேஷன் படிக்கும் என் மகளுக்கு அதன் படங்களைக் காட்ட ஆசைப்பட்டு, கணினிப் பதிப்பை வாங்கிப் பெரிய டிவியில் போட்டேன். முகங்கள் மெழுகு பூசினாற்போல் இருக்கின்றன. தரை கட்டம் கட்டமாகப் பிரிந்து தெரிகிறது. பழைய கேம் விற்கும் ஒருவர், “அந்தக் காலத்துப் படம் அப்படித்தான். ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ் இருக்கிறது, ஐரோப்பியப் பதிப்பு, நம்ம ஊர் டிவிக்கு ஒத்துவரும், 14,000 ரூபாய்” என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அவர் சொல்லும் பொருள் உலகத்திலேயே கிடையாது. ‘குரோனோ ட்ரிகர்’ 1995 மார்ச்சில் ஜப்பானில் நின்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் கன்சோலுக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வட அமெரிக்காவில் சூப்பர் நின்டெண்டோவுக்கு (அதே கன்சோலின் அமெரிக்கப் பெயர்) வந்தது. ஐரோப்பாவில் அந்தக் கன்சோலுக்கு அது வெளியாகவே இல்லை. 2009இல் நின்டெண்டோ டி.எஸ். என்ற கையடக்கக் கருவிக்கான பதிப்பு அங்கே வந்தபோதுதான் ஐரோப்பியர்கள் அதை முறையாகக் காசு கொடுத்து வாங்க முடிந்தது. ஆகவே ‘ஐரோப்பிய கார்ட்ரிட்ஜ்’ என்று யார் எதை நீட்டினாலும் அது போலி. திறந்து பார்க்கக்கூட வேண்டாம்.

ஜப்பான், அமெரிக்க கார்ட்ரிட்ஜ் என்று சொன்னாலும் கவனம் தேவை. இந்த விளையாட்டுக்குப் போலி அடிப்பது ஒரு தனித் தொழிலாகவே நடக்கிறது. என்னிடம் புள்ளி ஓவியம் (பிக்ஸல் ஆர்ட்) கற்க வந்த ஒரு பையன் இப்படி ஒன்றை வாங்கி, மேகஸ் என்ற மந்திரவாதியின் கோட்டை வரை விளையாடி முடித்திருந்தான். ஒருநாள் காலையில் பார்த்தால் சேவ் மொத்தமும் காணோம். திறந்தால், பேட்டரி இருக்கவேண்டிய இடம் காலி. அசல் கார்ட்ரிட்ஜ் சேவ் செய்வதே உள்ளே பற்றவைத்திருக்கும் ஒரு காசு வடிவப் பேட்டரியின் தயவில்தான். அசலிலும் அந்தப் பேட்டரிக்கு இப்போது 30 வயது. விற்பவரிடம் “பேட்டரி எப்போது மாற்றியது, திறந்து காட்டுங்கள்” என்று கேளுங்கள். அசலை மூடியிருப்பது தனி வகைத் திருகு, அதற்கென்று தனித் திருப்புளி வேண்டும். பழைய கேம் வியாபாரம் தெரிந்தவரிடம் அது இருக்கும். “திறந்தால் மதிப்பு போய்விடும்” என்று மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு பொறி, ‘பத்தாயிரம் கேம்’ என்று விற்கும் எச்.டி.எம்.ஐ. குச்சி. உரிமம் இல்லாத சரக்கு என்பது ஒருபக்கம் இருக்கட்டும். படத்தை அகலத் திரைக்கு இழுத்துப் பரப்பி, மேலே புள்ளிகளின் விளிம்பைக் குழைக்கும் ஒரு மழுப்பல் வடிகட்டியும் (ஃபில்டர்) போட்டுத்தான் அதில் பெரும்பாலும் காட்டுகிறார்கள். உங்கள் மகள் கற்கவேண்டிய விஷயத்தை அழித்துவிட்டுக் காட்டுகிற கருவி அது.

இப்போது உங்கள் டிவி. “அந்தக் காலத்துப் படம் அப்படித்தான்” என்பது சுத்தப் பொய். நீங்கள் சிறுவயதில் பார்த்தது நன்றாகத்தான் இருந்தது, உங்கள் நினைவு ஏமாற்றவில்லை.

சூப்பர் ஃபேமிகாமில் இந்த விளையாட்டின் படம் 256 புள்ளி அகலம், 224 புள்ளி உயரம். ஒரு உருவத்துக்குக் கிடைப்பது 15 வண்ணம். இதற்குள்தான் ஜப்பானிய மங்கா ஓவியர் அகிரா தோரியாமா காகிதத்தில் வரைந்த ஆட்களை, விளையாட்டை உருவாக்கிய ஸ்கொயர் நிறுவனத்தின் ஓவியர்கள் கொண்டுவந்தார்கள். கதாநாயகன் குரோனோவின் சிலிர்த்த சிவப்பு முடி, தோழி லூக்காவின் தலைக்கவசம், தவளை உருவ வீரனின் தோளாடை எல்லாமே நாற்பது புள்ளி உயரம்கூட இல்லாத உருவத்தில் அடங்கவேண்டும். அந்த அளவில் கண்ணில் மின்னும் ஒரு வெள்ளைப் புள்ளியை ஒரு இடம் தள்ளி வைத்தாலும் ஆள் வேறு ஆளாகிவிடுவான். இத்தனைக்கும் குரோனோ கதை முழுக்க வாய் திறந்து பேசுவதே அபூர்வம். அவன் மனசு தெரிவது தலையைக் குனிவதிலும், திடுக்கிட்டு நிமிர்வதிலும், வாளைத் தூக்குவதிலும்தான். அதெல்லாம் புள்ளி வேலை.

2018 பிப்ரவரியில் வந்த கணினிப் பதிப்பு, கைப்பேசிப் பதிப்பிலிருந்து எடுத்தது. அதில் இந்த உருவங்கள் மேல் மழுப்பும் வடிகட்டியைப் போட்டார்கள். தனியாக நிற்கவேண்டிய புள்ளி பக்கத்து நிறத்தில் கரைந்துபோனது. அதுதான் நீங்கள் பார்த்த மெழுகு. தரை கட்டம் கட்டமாகத் தெரிவதற்கும் அதே வடிகட்டிதான் காரணம். தரை என்பது சின்னச் சின்ன ஓடுகளை அடுக்கிக் கட்டியது. ஒவ்வொரு ஓட்டையும் தனித்தனியாக மழுப்பினால் விளிம்புகள் ஒட்டாது.

ரசிகர்கள் கொதித்த பிறகு 2018 ஏப்ரலில் ஒரு திருத்தம் வந்தது. செட்டிங்ஸில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய் ‘ஒரிஜினல்’ என்பதைத் தேர்வு செய்யுங்கள். உங்கள் சிக்கலில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். அடுத்து டிவியில் ஷார்ப்னஸைக் குறைத்து, அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணைத்து, கேம் மோடில் வையுங்கள். செலவு சல்லிக்காசு இல்லை. இதைச் சொல்லியிருந்தால் அந்த விற்பனையாளருக்கு 14,000 ரூபாய் வராது.

சரியான படம் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதிலும் ஆட்கள் தடுமாறுகிறார்கள். ஜப்பானிலும் வட அமெரிக்காவிலும் 2008இலேயே வெளியான டி.எஸ். பதிப்பில் மழுப்பல் கிடையாது. டி.எஸ். திரை 256க்கு 192 புள்ளி. அகலம் அப்படியே சூப்பர் ஃபேமிகாம் அகலம், உயரம்தான் 32 புள்ளி குறைவு. மேலே கீழே கொஞ்சம் குறைவாகத் தெரிந்தாலும், திரையின் ஒரு புள்ளிக்குப் படத்தின் ஒரு புள்ளி என்ற கணக்கு கெடுவதில்லை. மெனுக்களைக் கீழ்த் திரைக்குத் தள்ளிவிடலாம் என்பதால் மேல்த் திரை முழுக்கப் படம்தான். புள்ளி ஓவியம் படிப்பவர் கையில் வைத்துப் பார்க்க இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஆனால் அதே டி.எஸ். கார்டை, அதற்குப் பின் வந்த 3டி.எஸ். கருவியில் போட்டால், அந்தக் கருவி படத்தை ஒன்றேகால் மடங்கு பெரிதாக்கும். ஒரு புள்ளியை ஒன்றேகால் புள்ளியாகக் காட்ட முடியாதல்லவா? மறுபடியும் மசமசப்பு. விளையாட்டைத் திறக்கும்போது ஸ்டார்ட் அல்லது செலக்ட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே திறந்தால் அசல் அளவில் வரும். இது தெரியாமல் “டி.எஸ். பதிப்பும் மங்கல்தான்” என்று கார்டைத் திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். டி.எஸ். கார்டுகளிலும் போலி உண்டு, ஆகவே தெரிந்தவர் கையில் இருப்பதை இரவல் வாங்குவது உத்தமம்.

ஒரு விஷயத்தில் எனக்குப் பொறுமை இல்லை. 30 ஆண்டு கடந்தும் உலகம் பாடமாக வைத்துப் பார்க்கும் ஒரு கலைப்படைப்பை, வரைந்தது வரைந்தபடி காட்டும் பதிப்பை உரிமையாளர்கள் முதல் நாளிலேயே தரவேண்டாமா? ரசிகர்கள் கத்திக் கேட்ட பிறகுதான் ஒரு பொத்தானாகச் சேர்க்கிறார்கள். நின்டெண்டோவின் வீ கன்சோலுக்கான இணையக் கடையில் 2011இல் சூப்பர் நின்டெண்டோ பதிப்பையே விற்றார்கள். 2019 ஜனவரியில் அந்தக் கடையையே மூடிவிட்டார்கள். நேர்வழியை அடைத்தால் மக்கள் போலிக் கார்ட்ரிட்ஜ்காரரிடம்தானே போவார்கள்? 2024 மார்ச்சில் தோரியாமாவும் போய்விட்டார். அவர் கையெழுத்தைப் புள்ளியாக்கிய ஓவியர்களின் வேலையையாவது ஒழுங்காகப் பாதுகாக்கவேண்டும்.

படம் சரியானதும் மகளை எங்கே உட்காரவைப்பது? கார்டியா கோட்டையில். கதையே காலம்விட்டுக் காலம் தாவுகிற கதை. கி.பி. 1000இல் அதைச் சுற்றிப் புல்லும் மரமும் பளிச்சென்று பச்சை, திருவிழாக் காலம். அப்படியே கி.பி. 600க்குப் போங்கள். அதே கோட்டை, அதே காடு, ஆனால் போர்க்காலம். நிறம் பழுப்பேறி மங்கியிருக்கும். வடிவத்தைப் பெரிதாகத் தொடாமல் வண்ணத்தை மாற்றியே நானூறு வருடத்தைத் தாண்டிவிட்டார்கள். இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அருகருகே வைத்து, எந்த நிறத்துக்குப் பதில் எந்த நிறம் வந்திருக்கிறது என்று அவளையே எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் கி.பி. 2300இன் புழுதிக்காற்று. அதன் பிறகு கி.மு. 12,000இல் கீழே பனிப்புயல், மேலே மேகத்துக்கு மேல் மிதக்கும் ஜீல் ராஜ்ஜியம்.

சண்டை வரும்போது இன்னொன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்து ரோல்பிளேயிங் விளையாட்டுகள் பலவற்றில் சண்டைக்குத் தனித் திரை வரும். இதில் நின்ற இடத்திலேயே சண்டை. ஆகவே ஒவ்வொரு பூதமும் நடக்கும் நிலத்தின் அளவுக்கும் வெளிச்சத்துக்கும் பொருந்தவேண்டும். மேகஸைச் சந்திக்கும் அறையை அதற்கென்றே பாருங்கள். இருட்டுக்குள் நடக்க நடக்க இரண்டு பக்கமும் நீலச் சுடர் ஜோடி ஜோடியாக எரியத் தொடங்கும், கடைசிச் சுடரின் வெளிச்சத்தில் அவன் முதுகு தெரியும். அந்த இடத்தில் வடிகட்டியை ஒருமுறை போட்டும், ஒருமுறை எடுத்தும் மகளுக்குக் காட்டுங்கள்.