ஏழு மதிப்பெண்ணுக்கு ஒரு விமானம்

அன்புள்ள ஐயா,

கடலரிப்பு பற்றி ஆய்வு செய்கிறேன். லிஸ்பனில் நடக்கும் மாநாட்டில் என் கட்டுரையை ஏற்றிருக்கிறார்கள். இதுவரை விமானம் ஏறியதில்லை. பருவநிலையைப் படிப்பவளே பறக்கலாமா என்று உடன் ஆய்வு செய்யும் நண்பர் கேட்கிறார். மான்செஸ்டர் பேராசிரியர் கெவின் ஆண்டர்சன் சீனாவில் நடந்த மாநாட்டுக்கு ரயிலிலேயே போனாராம். நான் போகலாமா?

ர., மார்த்தாண்டம்

அன்புள்ள ர.,

ஆண்டர்சன் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் குழித்துறை ஸ்டேஷனில் ஏறி லிஸ்பனில் இறங்க ரயில் கிடையாது, இதை உங்கள் நண்பருக்குச் சொல்லிவிடுங்கள். போய்வந்தால் உங்கள் பங்குக்கு இரண்டு டன்னை ஒட்டிக் கரியமில வாயு சேரும். ஓர் இந்தியரின் ஓராண்டுச் சராசரியும் ஏறத்தாழ அவ்வளவுதான். சின்னக் கணக்கல்ல, தெரியும். அதற்காக முதல்முறை பறக்கப்போகிறவளை நிறுத்தி வைத்து விசாரிக்க வேண்டுமா?

கொஞ்ச நாளாக என்னைக் குடைவது வேறு. ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த 2018 விதிமுறையை எடுத்துப் பாருங்கள். வெளிநாட்டு மாநாட்டில் கட்டுரை வாசித்தால் 7 மதிப்பெண். உள்நாட்டில் நடக்கும் சர்வதேச மாநாடு என்றால் 5. தேசிய அளவில் 3, மாநில அளவில் 2. கட்டுரை அதேதான், ஒரு கமா கூட மாறவில்லை. கடல் தாண்டிய கூலி 2. அதையே குமரிக் கரையில் உள்ள தூத்தூரில், வீட்டைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் முன்னால் வாசித்தால்? அட்டவணையில் அதற்கு வரியே இல்லை. பற, பற என்று மதிப்பெண் போட்டுத் துரத்திவிட்டு, பறந்தாயே என்று கேட்பது என்ன நியாயம்? பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வு ஒன்று, அதிகம் பறந்த பேராசிரியர்கள் ஆய்வில் அதிகம் சாதித்துவிடவில்லை என்று கண்டது. சம்பளம் மட்டும் கூடுதலாக இருந்ததாம்!

2017-ல் குமரி மீனவர்கள் பலரைப் பலிகொண்ட ஒக்கிப் புயலுக்குப் பிறகு, அதே கரையில் உள்ள வள்ளவிளையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். நான் வாய் திறக்கும் முன்பே அந்த அம்மா மகனின் புகைப்படம், அடையாள அட்டை நகல், வங்கிப் புத்தகம் மூன்றையும் பாயில் வரிசையாக வைத்தார். அவ்வளவு பழகியிருந்தது. "நீயும் எழுதிக்கொண்டு போகத்தான் வந்தாயா, மக்களே?" என்றார். திருவனந்தபுரத்தில் வந்திறங்கி, கார் பிடித்து, கேள்வித்தாளோடு எத்தனையோ பேர் வந்து போயிருந்தார்கள். எழுதியதை யாராவது அனுப்பினார்களா என்று கேட்டேன். அனுப்பினார்களே என்று சுவரைக் காட்டினார். ஏதோ ஒரு நிறுவனத்தின் காலண்டர். அதுவும் ஆங்கிலத்தில்.

இப்போது உங்களுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் லிஸ்பன் இருக்கிறது, மான்செஸ்டர் இருக்கிறது. நீங்கள் ஆய்வு செய்யும் கரை எது? இரயுமன்துறையா, வேறு ஊரா? ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான், விமானத்தில் அல்ல.

இணையவழியில் வாசிக்க விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள். 2020-ல் உலகமே அப்படித்தான் மாநாடு நடத்தியது. முடியாது என்றால் போய்வாருங்கள், குளிருக்குத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். வந்தபின் அந்தக் கட்டுரையைத் தமிழில் எழுதி எனக்கு அனுப்ப வேண்டும். வள்ளவிளைக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.