மறு: கீசர் போட்டால் ஆர்சிசிபி விழுகிறது

கீசர் போட்ட பத்து நிமிடத்தில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுகிறது, வந்த எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றிவிட்டு நேரடி இணைப்பு கொடுத்துவிடலாம் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.

ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்புவதும் சமமாக இருக்கிறதா என்று ஆர்சிசிபி பார்த்துக்கொண்டே இருக்கிறது. வீடுகளில் பெரும்பாலும் போடுவது 30 மில்லிஆம்பியர் வகை. வித்தியாசம் அந்த அளவை எட்டினால் துண்டித்துவிடும். வித்தியாசம் வருகிறது என்றால் மின்சாரம் வேறு வழியில் கசிகிறது என்று அர்த்தம். எர்த்தும் சரியில்லாவிட்டால், ஈரக்கையோடு குழாயைத் திறக்கும் உங்கள் பிள்ளையே அந்த வழியாகிவிடலாம். போர்டில் இருக்கும் இன்னொரு பாதுகாப்பு சுவிட்சான எம்சிபி இதைத் தடுக்காது, அது ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான்.

உடனே விழாமல் சூடான பிறகு விழுவதால் எனக்கு ஹீட்டர் காயில் மேல்தான் சந்தேகம். உறையில் மெல்லிய விரிசல் இருந்தால் இப்படி ஆகும். கீசரை முழுதாகத் துண்டித்து, காயிலுக்கும் பாடிக்கும் நடுவே மெகர் (இன்சுலேஷன் சரியாக இருக்கிறதா என்று அளக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறியிருக்கும்போது நன்றாகக் காட்டினால் ஏமாந்துவிட வேண்டாம், சூட்டோடும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

கீசரைத் துண்டித்தும் விழுந்தால் வயரிங்கைத் தேட வேண்டியதுதான். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு முடிவு செய்யாதீர்கள், பிளக்கையே பிடுங்குங்கள். நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் ஆர்சிசிபி விழும்.

அப்புறம், அந்த பாத்ரூமின் எர்த் கம்பி போர்டு வரை உண்மையிலேயே போகிறதா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள். எல்லாம் முடியும்வரை கீசரைப் போட வேண்டாம்.