காந்த மோட்டார் சந்தேகமா, கேளுங்கள்

மின்சார, ஹைப்ரிட் கார் மோட்டார் வடிவமைப்பு பற்றி மட்டும் கேளுங்கள். பேட்டரி, சார்ஜர் என் துறை இல்லை.

இறுதியாண்டு மாணவர்: அண்ணா, ஸ்கூட்டர் ஹப் மோட்டாரில் காந்தத்தை ஒட்டித்தானே வைக்கிறார்கள், காரில் மட்டும் ஏன் ரோட்டருக்குள் (சுழலும் பாகம்) புதைக்க வேண்டும்?

நல்ல கேள்வி தம்பி. ஹப் மோட்டாரில் சுற்றுவது வெளிக்கூடு, காந்தம் அதன் உட்புறத்தில் இருப்பதால் சுற்றச் சுற்ற கூட்டோடு அழுந்தும். காரில் ரோட்டர் உள்ளே. டொயோட்டாவின் ஹைப்ரிட் காரான 2010 பிரியஸில் அது 13,500 ஆர்பிஎம் வரை போகும், விட்டம் சுமார் 160 மி.மீ. கணக்குப் போட்டால் விளிம்பின் வேகம் மணிக்கு 400 கி.மீ.; அங்கே 50 கிராம் காந்தத்தை ஒட்டினால் ஏறக்குறைய 800 கிலோ விசையோடு பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். பசையை மட்டும் நம்ப முடியுமா? அதனால்தான் V வடிவத் துளையில் சொருகுகிறோம். காந்த முனைக்கும் விளிம்புக்கும் நடுவே மெல்லிய இரும்புப் பாலம் ஒன்று மிஞ்சும். தடிமனாக்கினால் காந்தப்புலம் ஸ்டேட்டருக்கு (சுருள் சுற்றிய அசையாத பாகம்) போகாமல் அந்தக் குறுக்குவழியிலேயே திரும்பிவிடும், மெலிதாக்கினால் கிழியும். என் தலைமுடி பாதி கொட்டியது அந்தப் பாலத்தால்தான். அப்புறம், புதைத்தால் ரிலக்டன்ஸ் டார்க்கும் (ரோட்டரின் இரும்பையே காந்தப்புலம் இழுத்துத் திருப்பும் விசை) கூடவே கிடைக்கும், அதற்குத் தனியாகக் காந்தம் வாங்க வேண்டாம்.

ஸ்கூட்டர் பிரியர்: N52 (மிக வலுவான நியோடிமியம் ரகம்) காந்தம் போட்டால் பவர் ஏறுமா?

அறை வெப்பத்தில் ஏறும். சாதாரண N52 சுமார் 80 டிகிரி வரைதான் தாங்கும், கார் மோட்டாரோ 150-ஐத் தொடும். சூடும், ஸ்டேட்டர் சுருளின் எதிர்க் காந்தப்புலமும் சேர்ந்து வந்தால் காந்தம் செத்துவிடும், ஆறவைத்தாலும் திரும்பாது. சூட்டைத் தாங்கத்தான் டிஸ்ப்ரோசியம் என்ற அரிய மண் உலோகத்தைச் சேர்க்கிறார்கள். 2025 ஏப்ரலில் சீனா அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் எல்லோரும் பதறியது அதனால்தான்.

புதியவர்: பெட்ரோல், பேட்டரி எதுவும் இல்லாமல் காந்தத்தாலேயே ஓடும் மோட்டார்...

ஓடாது. அடுத்தவர்.

டெஸ்லா ரசிகர்: 2012 மாடல் எஸ் காந்தமே இல்லாமல் இண்டக்‌ஷன் மோட்டாரில்தானே பறந்தது? காந்தம் வீண் செலவு.

அதே கம்பெனி 2017 மாடல் 3-இல் காந்தத்துக்கு ஏன் வந்ததாம்? இண்டக்‌ஷனில் காந்தத்துக்குப் பதில் ஸ்டேட்டரின் புலம் ரோட்டருக்குள் மின்சாரத்தைத் தூண்டும், அந்த மின்சாரமே சூடாக வீணாகும்.

டெஸ்லா ரசிகர்: நெடுஞ்சாலை வேகத்தில் காந்தத்தை அடக்கவே தனியாகக் கரண்ட் செலவாகுமே, அது வீண் இல்லையா? பிஎம்டபிள்யூ iX3-யில் காந்தமே இல்லையே?

சரி, அது நியாயம். காந்தத்துக்கு சுவிட்ச் கிடையாது. அதனால்தான் இரட்டை மோட்டார் மாடல் 3-இல் முன்னால் இண்டக்‌ஷன், தேவையில்லாதபோது அணைத்துவிடலாம். iX3-யில் ரோட்டரில் செம்புச் சுருள். சுழலும் அந்தச் சுருளுக்குக் கரண்ட் கொடுக்க, உரசிக்கொண்டே நிற்கும் பிரஷ் வேண்டும், இடமும் வேண்டும். கியர்பாக்ஸுக்குள் நெருக்கியடிக்கும் ஹைப்ரிடில் எங்கே வைப்பீர்கள்? நகரத்தில் நின்று நின்று போகும் வண்டிக்கு நான் காந்தம்தான் போடுவேன்.

இன்னொருவர்: சார், N52 போட்டால்...

மேலே சொன்ன பதிலைப் படியுங்கள் ஐயா.

மெக்கானிக்: ஹைப்ரிட் கார் வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கலாமா?

மோட்டாரோடு இணைந்த சக்கரம் தரையில் உருளக்கூடாது. சாவியை எடுத்துவிட்டாலும் காந்தம் சுற்றினால் வோல்டேஜ் வரும். அந்தச் சக்கரங்களைத் தூக்கி ஏற்றுங்கள், முடிந்தால் முழு வண்டியையும். ரோட்டரைக் கழற்றுவதானால் கையால் மட்டும் வேண்டாம் அண்ணே, ஜிக் (நேராகப் பிடித்து நிறுத்தும் கருவி) வைத்து இழுங்கள். 2004 பிரியஸில் ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே காற்று இடைவெளி 0.73 மி.மீ.தான், ஒரு பக்கம் சாய்ந்தால் டப்பென்று போய் ஒட்டிக்கொள்ளும், நடுவில் உங்கள் விரல்.