கைப்பேசியில் படம், கைவிட்டுப் போன பணம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ரகம். ஊர்ப் பிரச்சினையைக் கைப்பேசியில் குறும்படமாக எடுக்கப் புறப்பட்டவர்கள், பணத்தை விட்டுவிட்டோ, விடத் துடித்தோ எழுதியிருக்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். வணக்கங்களையும் வசவுகளையும் எடுத்துவிட்டேன்.

எங்கள் ஊர்த் தோல் ஆலைக் கழிவுநீர் பற்றி மூன்று நிமிடப் படம் எடுக்க நண்பர்கள் நால்வர் சேர்ந்து 18,000 ரூபாய் திரட்டியிருக்கிறோம். 108 மெகாபிக்சல் போன் வாங்கினால்தான் தெளிவாக வரும் என்கிறார் கடைக்காரர்.
— கல்லூரி மாணவர், திண்டுக்கல்

அந்த எண் போட்டோவுக்கு. வீடியோவில் ஒரு பிரேம் என்பது ஃபுல் எச்.டி.யில் சுமார் 2 மெகாபிக்சல், 4கே என்றால் 8 சொச்சம். மீதி நூறும் அட்டைப்பெட்டியின் மேல் அச்சடிக்கத்தான் உதவும். உங்கள் நால்வரில் ஒருவரிடமாவது ஓரளவு நல்ல போன் இருக்கும். அதன் லென்ஸைச் சுத்தமான துணியால் துடைத்துவிட்டுப் படம்பிடியுங்கள். ஒரு முக்காலி, ஒரு மைக் வாங்குங்கள். மீதிப் பணத்தைப் பங்கு போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நடந்துகொண்டே எடுத்தாலும் படம் ஆடாமல் போனைப் பிடிக்கும் கருவியான கிம்பல் வாங்கலாமா என்று கடித ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். என் வீட்டுப் பரணில் 9,000 ரூபாய் கிம்பல் ஒன்று தூங்குகிறது. மொத்தம் இரண்டு முறை வெளியே எடுத்தேன். இரண்டாவது முறை, சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்க.

குடிநீருக்கு நாங்கள் நடக்கும் தூரத்தைப் படமாக எடுத்தோம். எங்கள் குழுவில் மூத்த அம்மா ஒருவர் அழகாகப் பேசினார். 650 ரூபாய்க்கு வாங்கிய காலர் மைக்கைச் செருகியிருந்தும், காற்று இரைச்சல்தான் கேட்கிறது. மைக் பழுதா?
— மகளிர் குழு உறுப்பினர், ராமநாதபுரம் மாவட்டம்

மைக் பழுதாக இருக்காது. அது உங்கள் போனுக்கான மைக்கே இல்லை என்று நினைக்கிறேன். செருகும் முனையில் உள்ள கறுப்பு வளையங்களை எண்ணிப் பாருங்கள். மூன்று இருந்தால் போனுக்கு உரியது, இரண்டு என்றால் கேமராவுக்கு உரியது. இரண்டு வளைய மைக்கைப் போனில் செருகினால், பெரும்பாலும் போன் அதைக் கண்டுகொள்ளாமல் தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்யும். தூரத்துப் பேச்சும் பக்கத்துக் காற்றும் கேட்டது அதனால்தான். நானும் இதே தவறைச் செய்து, கடைக்காரரிடம் கத்திவிட்டு வந்தேன். பிறகு, கேமரா மைக்கைப் போனில் பொருத்த உதவும் இடைஇணைப்பு ஒன்றை வாங்கப் போனபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உங்களுக்கும் அந்தச் சின்ன இணைப்பு போதும். ஆனால் எந்த போன் என்று சொல்லிக் கேட்ட பிறகும் கேமரா மைக்கைத் தலையில் கட்டியிருந்தால், மாற்றித்தர வேண்டியது கடைக்காரரின் கடமை. பில்லோடு போங்கள்.

இனி என் நெடுநாள் ஆற்றாமை. சமூகப் படம் எடுக்கிறவர்கள் காட்சிக்குக் கொட்டிக்கொடுக்கிறார்கள், காதுக்குக் காலணா ஒதுக்குவதில்லை. காட்சி கொஞ்சம் மங்கினால் பார்க்கிறவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு புரியாவிட்டால் பத்தாவது நொடியில் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார். பல மைல் நடந்து தண்ணீர் சுமக்கிற அம்மாவின் வார்த்தைதானே உங்கள் படம்? அதைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, ட்ரோன் காட்சியும் சோக வயலினும் சேர்த்து என்ன பயன்? மைக் முகவாய்க்கு ஒரு சாண் கீழே இருக்கட்டும். பஞ்சு உறை கட்டாயம். மின்விசிறியை நிறுத்துங்கள், பம்புசெட்டை விட்டுத் தள்ளி நில்லுங்கள். பத்து நொடி பதிவு செய்து இயர்போனில் கேட்ட பிறகே பேட்டியைத் தொடங்குங்கள். மைக் வாங்கவே வழியில்லையா? இன்னொரு போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டுப் பேசுகிறவரின் மடியில் வையுங்கள். தொடக்கத்தில் ஒரு முறை கைதட்டுங்கள், எடிட்டிங்கில் படத்தையும் ஒலியையும் பொருத்த அது உதவும். செலவு பூஜ்யம்.

அந்த அம்மாவை இன்னொரு முறை பேச வையுங்கள்.

1 டி.பி. மெமரி கார்டு நடைபாதையில் 500 ரூபாய்க்குக் கிடைத்தது. குப்பைக் கிடங்கில் இரண்டு நாள் எடுத்த காட்சிகளில் பாதி திறக்கவே மாட்டேன் என்கிறது. பில் இல்லை. நஷ்டஈடு கிடைக்குமா?
— வாசகர், சென்னை

யாரிடமிருந்து? பில் இல்லை, கடை இல்லை, விற்றவர் பெயரும் தெரியாது. அந்தக் கார்டுக்குள் உண்மையில் 32 ஜி.பி. இருக்கலாம். 1 டி.பி., அதாவது சுமார் ஆயிரம் ஜி.பி., என்று போனிடம் பொய் சொல்லும்படி அதைத் திருத்தியிருப்பார்கள். உண்மையான இடம் நிறைந்த பிறகு எடுத்ததெல்லாம் வெறும் கோப்புப் பெயர்தான். எந்தக் கார்டானாலும், வாங்கிய அன்றே கணினியில் முழுக்க நிரப்பிச் சோதியுங்கள். 4கே எடுக்க ‘வி30’ என்ற குறி இருக்க வேண்டும், நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்று அதற்குப் பொருள். 500 ரூபாய்க்கு ஒரு டி.பி. யார் தருவார்கள் என்று வாங்குமுன் ஒரு நிமிடம் யோசித்திருக்கக் கூடாதா ஐயா?

சமூக விழிப்புணர்வுக் குறும்படப் போட்டிக்கு 1,000 ரூபாய் நுழைவுக் கட்டணம் கட்டினேன். என் படம் தேர்வானதாகச் சொல்லி, கோப்பைக்கும் சான்றிதழுக்கும் 6,500 கேட்டார்கள். அதையும் அனுப்பினேன். இப்போது அந்த எண் அணைந்து கிடக்கிறது. வீட்டில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.
— பின்னலாடைத் தொழிலாளி, திருப்பூர்

வெட்கப்பட வேண்டியவர் அந்த எண்ணை அணைத்தவர், நீங்கள் இல்லை தம்பி. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து வந்து படம் எடுத்தவருக்குத் ‘தேர்வானீர்கள்’ என்ற சொல் எவ்வளவு இனித்திருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அதற்குத்தான் அந்த விலை. உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பரிவர்த்தனை எண், குறுஞ்செய்திகள், விளம்பரப் படம் எதையும் அழிக்க வேண்டாம். சீக்கிரம் சொன்னால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் அதை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. நடத்தியவர்களின் பெயரும் முகவரியும் தெரியவந்தால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது, நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. முதலில் வீட்டில் சொல்லிவிடுங்கள்.

டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படம் துடிக்கிறது. புது போனை மாற்றித்தர மறுக்கிறார்கள்.
— ஆசிரியை, கரூர்

இந்த ஒரு தடவை கடைக்காரர் பக்கம்தான் நியாயம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு ஐம்பது முறை அலைகிறது; டியூப் லைட்டும் அதோடு சேர்ந்து துடிக்கிறது, போன் பழுதில்லை. கேமரா அமைப்பில் ஷட்டர் வேகத்தை 1/50 நொடி என்று வையுங்கள், துடிப்பு அடங்கிவிடும்.

பட்டாசு வேலைக்குப் போகும் சிறுவன் ஒருவனின் முகத்தை மங்கலாக்க, ‘ஏழு நாள் இலவசம்’ என்ற செயலியில் சேர்ந்தேன். வேலை முடிந்ததும் செயலியை அழித்துவிட்டேன். ஆனாலும் 2,400 ரூபாய் போய்விட்டது.
— வாசகர், விருதுநகர்

செயலியை அழித்தால் சந்தா அழியாது. பிளே ஸ்டோரில் சந்தாப் பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள், பணம் தானாகப் போக அனுமதிக்கும் யு.பி.ஐ. ஆட்டோபேயையும் பாருங்கள். ரத்து செய்யும் வழியை ஒளித்து வைத்திருந்தால் அது ‘சந்தாப் பொறி’. 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் அதைத் தடை செய்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் கொடுங்கள்.

ஆனால் முகத்தை எடுத்துவிட்டுப் பிறகு மறைக்கும் வேலையே உங்களுக்குத் தேவையில்லை. கையை எடுங்கள், முதுகை எடுங்கள், நிழலை எடுங்கள். அப்படிப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை வெளியிட்டால் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ, 2 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பெயர், பள்ளி, தெரு எல்லாமே அடையாளம்தான்.

799 ரூபாய்க்குப் பத்தாயிரம் பார்வைகள் தருவதாகச் சொல்கிறார்கள். எங்கள் தெருச் சாக்கடைப் படத்துக்கு வாங்கலாமா?
— வாசகர், மதுரை

வேண்டாம். வார்டு உறுப்பினர் ஒருவர் பார்த்தால் போதும், அவருக்கு நேரில் அனுப்புங்கள்.