வக்கீல் நோட்டீசுக்கு முன்னால்

சகோதரரே, கடலூர் முதுநகர் வீட்டைப் பங்கு பிரிப்பதில் வாசல் பக்கத்தை அண்ணன் விட்டுத்தர மாட்டேன் என்கிறார், போதகர் பேசியும் கேட்கவில்லை, நோட்டீஸ் அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள். பைபிளில் மத்தேயு 18:15 முதலில் தனியாகப் போய்ப் பேசச் சொல்கிறது, கேட்காவிட்டால் இரண்டொருவரோடு, அதற்கும் மசியாவிட்டால்தான் சபை. நீங்கள் நேராகப் போதகரிடம் போய்விட்டீர்கள், அண்ணனுக்கு அதுதான் வலித்திருக்கும். எங்கள் பெரியப்பா தோட்டத்துக்கு நடுவே சுண்ணாம்புக் கோடு போட்டு, கிணறு இருக்கிற பாதியா இல்லாத பாதியா, நீயே முதலில் எடு என்று அப்பாவிடம் சொன்னார். ஆதியாகமம் 13-ல் ஆபிராம் தன் சகோதரன் மகன் லோத்துக்குச் செய்தது அதுதான். அப்புறம், தங்கச்சியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே? உயில் இல்லையென்றால் 1925 வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவக் குடும்பத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. அவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள்.